கூரைமேல் ஒரு கூண்டு

மே 3

காலையும் மத்தியானமும் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்பது என் மகள் வாணியின் உத்தரவு. உத்தரவு போட்டவள் கோயமுத்தூரில் இருக்கிறாள். எழுதுகிறவன் இங்கே க.பரமத்தியில் வேகிறான். ஏசி கம்பெனிக்காரன் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி சும்மாதான் கிடந்தது, அதில் எழுதுகிறேன். வெறும் நம்பர் எழுதுவது எனக்குப் பிடிக்காது. மனதில் பட்டதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்.

நாளை கத்திரி தொடங்குகிறது. ஊரே ஏசிக்காரன் சென்னியப்பனைத் தேடும். இருபத்தேழு வருஷமாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏசி மாட்டுவதும் கழற்றுவதும் கேஸ் ஏற்றுவதும் நான்தான். அப்பேர்ப்பட்டவன் வீட்டில் ஏசி கிடையாது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

காரணம் என் மனைவி சாரதாமணி. அவளுக்கு மூட்டுவாதம். ஏசிக் குளிர் பட்டால் விரல்கள் மடங்கிக்கொள்ளும், டம்ளர் பிடிக்கக்கூட வராது. போன கத்திரியில் பழைய கான்கிரீட் வீட்டில் இருந்தோம். நான் எவன் வீட்டு ஏசிக்கோ கேஸ் ஏற்றப் போயிருந்தேன். இவள் வலி பொறுக்காமல் ஏசியை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறாள், அங்கேயே மயங்கி விழுந்துவிட்டாள். வெப்பம் தாக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு தடவை இப்படி விழுந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிரும் ஆகாது, சூடும் ஆகாது. இப்படி ஒரு உடம்பை வைத்துக்கொண்டு பரமத்தியில் எப்படிக் குடித்தனம் செய்வது?

வாணி கட்டடக்கலை படித்தவள். "வூட்டையே வேற மாதிரி கட்டலாமுங்ப்பா. ஏசியே வேண்டாம்" என்றாள். தனியாக அவள் வரைந்து கட்டிய முதல் வீடு இதுதான். தை மாதம் குடிவந்தோம். சூளையில் சுடாத மண்கல்லில் ஒரு முழக் கனத்துக்குச் சுவர். சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்புப் பூச்சு. கூரைக்குள் கவிழ்த்துப் புதைத்த மண்சட்டிகள், மேலே வெள்ளை ஓடு. மேற்கு வெயில் அடிக்கிற பக்கம் குளியலறையும் சாமான் அறையும். கூடத்துக்கு நேர் மேலே, மழை இறங்காதபடி நாலு பக்கமும் பலகை சாய்த்து வைத்த ஒரு கூண்டு. நான் அதைப் புறாக்கூண்டு என்றுதான் சொல்கிறேன். பகலில் ஜன்னலைச் சாத்த வேண்டும், பொழுது சாய்ந்ததும் திறக்க வேண்டும் என்று பாடம் எடுத்தாள். கூண்டைப் பற்றியும் ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன் வந்துவிட்டது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. கடையில் ஒரு ஏசியை விற்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறேன். மணியிடம் சொல்லவில்லை.

மே 4

காலை 27. மத்தியானம் வெளியே 41, கூடத்தில் 31.

தெர்மாமீட்டர் பழுது என்று நினைத்தேன். கடையிலிருந்து இன்னொன்று கொண்டுவந்து பக்கத்தில் மாட்டினேன். அதுவும் 31. இரண்டும் சேர்ந்து பழுதாகுமா என்ன.

மே 6

காலை 27. மத்தியானம் 31.

மணியின் அண்ணன் நாச்சிமுத்து வந்திருந்தார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "என்ன மாப்ளே, ஊருக்கெல்லாம் ஏசி, உன்ற வூட்டுக்கு மண்சட்டியா? மண்ணுல வூடு கட்டறதுக்கா புள்ளைய அஞ்சு வருசம் படிக்க வெச்சே?"

"புள்ளையப் படிக்க வெச்சது நானு. உங்களுக்கு என்ன மச்சான் எரியுது?" என்றேன். அவர் சொன்னதில் பாதியை நானே வாணியிடம் சொன்னவன்தான். ஆனாலும் அடுத்தவன் வாயிலிருந்து வந்தால் பொறுக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு, சித்த நேரம் கால் நீட்டுகிறேன் என்று தரையில் சாய்ந்தார். நாலு மணி வரைக்கும் குறட்டை. எழுப்பினால், "நான் எங்க தூங்குனேன்? சும்மா கண்ண மூடியிருந்தேன்" என்கிறார். மணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து வெகுநாள் ஆகிறது.

மே 8

27. 31. மணி முறுக்குப் பிழிந்தாள். கத்திரியில், அடுப்படியில் நின்று, முறுக்கு!

மே 9

நேற்று ராத்திரியிலிருந்து கல் உடைக்கிற கிரஷர் பக்கமிருந்து காற்று. பாறைத்தூசி அப்படியே புகையாக வருகிறது. மத்தியானம் சோற்றில் நறநற என்றது. மணிக்கு இருமல். எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது, புறாக்கூண்டு மட்டும் ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பகலெல்லாம் ஜன்னலைச் சாத்தச் சொன்ன பெண் இவ்வளவு பெரிய ஓட்டையை விட்டுவிட்டாளே! ஏசித் தொழிலில் முதல் பாடமே சந்து இல்லாமல் அடைப்பதுதான். கதவிடுக்கில் ஒரு விரல் சந்து இருந்தால்கூட நான் விடமாட்டேன். படித்த பிள்ளைகளுக்குக் காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

கடையிலிருந்து தெர்மோகோல் பலகை, பஞ்சு டேப், சிலிகான் எல்லாம் கொண்டுவந்தேன். மணி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நாலு பக்கமும் அளவெடுத்து வெட்டி, ஒட்டி, ஓரத்துக்குச் சிலிகான் இழுத்தேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேலை அவ்வளவு சுத்தம். சாயங்காலம் சோற்றில் தூசி இல்லை.

வாணி போன் செய்தாள். இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பிள்ளை மனம் சங்கடப்படும்.

மே 10

காலை 29. மத்தியானம் 32. கத்திரி முற்றுகிறது.

மே 12

காலை 31. மத்தியானம் 34.

தென்னிலை ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். ஏசி ஓடுகிறது, குளிரவே இல்லை என்று கூப்பிட்டிருந்தார். மாடிக்கு ஏறிப் பார்த்தால் வெளியே வைக்கிற யூனிட்டுக்குத் தார்ப்பாய் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். கேட்டால், தூசி படியுதாம்!

"ஏனுங்க, உள்ள இருக்கற சூட்டை வெளிய தள்றதே இந்தப் பொட்டிதானுங்க. அதோட வாயைக் கட்டிப்போட்டா சூடு எங்கீங்க போகும்? உள்ளயே சுத்திச் சுத்தி வராதுங்களா?" என்று நன்றாகக் கேட்டுவிட்டேன். மனிதர் பாவம், தலையைச் சொறிந்தார். தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு வந்தேன். இவ்வளவு சின்ன விஷயம் கூட ஜனங்களுக்குத் தெரியவில்லையே என்று வழியெல்லாம் சிரிப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் புழுக்கம். ஜன்னலைத் திறந்தும் ராத்திரி அனல் அடங்கவில்லை. கூரைச் சட்டிகள் கைவிட்டுவிட்டன போலிருக்கிறது.

மே 13

காலை 32. மத்தியானம் 35.

மணி ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வேலை செய்கிறாள். முறுக்கு எல்லாம் போச்சு. சோறு வடிப்பதற்கே மூச்சு வாங்குகிறது.

வாணிக்கு மத்தியானக் கணக்கைச் சொன்னேன். "முப்பத்தஞ்சா? பொழுதோட ஜன்னலத் தொறக்கறீங்களாப்பா?" என்றாள். திறக்கிறோம் என்றேன். "காத்தால சாத்தறீங்களா?" சாத்துகிறோம் என்றேன். நான் அப்போதே சொன்னேனே அம்மிணி என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. ஜெயித்தவனுக்கு இருக்க வேண்டிய சந்தோஷமும் எனக்கு இல்லை.

மே 14

இன்று மணி அடுப்படியில் தடுமாறிவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். இருந்தேன் என்பதுதான் சாமி புண்ணியம். அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நேரே கடைக்குப் போனேன். ஒதுக்கி வைத்திருந்த ஏசியைக் கொண்டுவந்து படுக்கையறையில் மாட்டிவிட்டேன். முழக் கனச் சுவரில் துளை போடுவதற்குள் டிரில்லிங் மெஷின் திணறிவிட்டது. மண்கல் என்றாலும் என்னமாய் நிற்கிறது.

மாட்டும்போது ஒரே திருகாணியை மூன்று தடவை கீழே போட்டேன். வெயில்தான்.

மே 15

மணிக்கு ஏசி ஒத்துக்கொண்டது. "நல்லாத்தானுங் இருக்குது" என்றாள். காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்தாள். விரல் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஜாக்கெட் கொக்கியை மாட்டச் சொல்லி என்னிடம் முதுகைக் காட்டினாள். மாட்டிவிட்டேன்.

நல்லாத்தான் இருக்கிறாள்.

மே 16

மத்தியானம் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கடையிலிருந்து ஓடி வந்தேன். ஏன் என்று தெரியாது, மனசு கேட்கவில்லை. வந்து பார்த்தால் ஏசி அணைந்து கிடக்கிறது. மணி கூடத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முகம் சிவந்து, உதடு காய்ந்து போய். போன வருஷம் விழுவதற்கு முன்னால் இப்படித்தான் இருந்திருப்பாள்.

"ஏன் நிறுத்துனே?" என்று கத்திவிட்டேன்.

"வெரலு கொல்லுதுங். சித்த நேரம் நிறுத்திப் பாக்கலாம்னு..." என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் தேவலை.

தலையில் தண்ணீர் ஊற்றி, மோர் கொடுத்து, விசிறிக்கொண்டே வாணிக்குப் போன் போட்டேன். என்ன பேசினேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. "உன்ற மண்ணு வூடு உங்கம்மாளக் கொல்லப் பாக்குது" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "வாரனுங்ப்பா" என்றாள் வாணி.

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வேறு யாரிடம் போய்ச் சொல்ல? பயந்து போய்விட்டேன். மணி இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

மே 17

முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். பையை இறக்கி வைக்காமலே அம்மாவிடம் போனாள். நெற்றியைத் தொட்டாள், விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து ஒவ்வொரு சுவராக உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி இருந்தது.

"காத்தாலயே சுவரு சுடுதுப்பா. ராத்திரி ஆறவே இல்ல. ராத்திரி ஆறுனாத்தான பகல் சூட்டைத் தாங்கும்? போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறேன், எங்க தப்பு பண்ணுனேன்னு தெரியலீங்ப்பா. என்னால அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா..."

கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"ஏனுங்ப்பா, மேல வெளிச்சத்தையே காணோம்?"

"தூசி வருதுன்னு அடைச்சுப்போட்டேன்."

"எதை?"

"புறாக்கூண்டைத்தான். கச்சிதமா அடைச்சிருக்கறேன் பாரு. ஒரு எறும்பு நொழையாது."

வாணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான். மணி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் மரம் மாதிரி நிற்கிறேன்.

"அப்பா, சூடு மேல ஏறும். ராத்திரி சுவரு விடற சூடெல்லாம் அந்தக் கூண்டு வழியாத்தான் வெளிய போகணும். அது போனாத்தான் கீழ ஜன்னல் வழியா குளுந்த காத்து உள்ள வரும். அது இந்த வூட்டோட அவுட்டோர் யூனிட்டுப்பா. அதைப் போயி அடைச்சிருக்கறீங்களே!"

எனக்கு அந்த மளிகைக் கடைக்காரர் முகம் ஞாபகம் வந்தது. தலையைச் சொறிந்துகொண்டு நின்றாரே, அந்த முகம். தார்ப்பாய், கயிறு, நான் எடுத்த பாடம், வழியெல்லாம் நான் சிரித்த சிரிப்பு. அடக் கெரகமே! ஊரில் ஒருத்தன் விடாமல் திட்டி வைத்திருக்கிறேன், அதே வேலையை என் வீட்டில், என் கையால், சிலிகான் போட்டுச் செய்திருக்கிறேன்.

மணியைப் பார்த்தேன். "ஏணியப் புடிச்சியே, நீயாவது ஏன்னு கேட்டிருக்கலாமில்ல?" என்றேன்.

"காலமெல்லாம் குளுரு சோலி பாக்கறவிக ஏறி அடைக்கறீங்க. காரணமில்லாமயா அடைப்பீங்கன்னு இருந்துட்டனுங்" என்றாள்.

அந்த நிமிஷமே ஏணியைப் போட்டு ஏறினேன். டேப்பைக் கிழித்து முதல் பலகையைப் பிய்த்தேன். கொதிக்கிற சட்டியின் மூடியைத் திறந்த மாதிரி குப்பென்று முகத்தில் அடித்தது சூடு. மே 9 முதல் அடைபட்டுக் கிடந்த அத்தனை சூடும் என் முகத்தைத் தேடி வந்ததோ என்னவோ. நாலு பலகையையும் பிய்த்துக் கீழே போட்டேன். தூசிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். கொசுவலையை இரண்டாக மடித்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் பெரிய தூசி நின்றுவிடும், சூடும் வெளியே போகும் என்றாள் வாணி. வலை நேராக இருக்கிறதா என்று கீழேயிருந்து மேஸ்திரி வேலை வேறு பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் கட்டினேன்.

பொழுது சாய்ந்ததும் ஜன்னல்களைத் திறந்தோம். ஏசி வீட்டில் சந்து இருக்கிறதா என்று பார்க்க நான் ஊதுபத்தி கொளுத்துவது வழக்கம். ஒன்றைக் கொளுத்திக் கூடத்துக்கு நடுவில் பிடித்தேன். புகை அங்கே இங்கே அலையவில்லை. நேராக மேலே ஏறி, கூண்டுக்குள் நுழைந்து, போய்விட்டது. கீழே என் கணுக்காலில் காற்று பட்டது. "அம்மிணி, இங்க வா, இங்க வந்து நில்லு" என்று நான் போட்ட சத்தத்தில் தெரு நாய் குரைத்தது.

"நேத்து போன்ல சொன்னதை மனசுல வெச்சுக்காத சாமி" என்றேன்.

"நான் வெச்சுக்கலீங்ப்பா. ஆனா அன்னைக்குக் கூண்டைப் பத்திச் சொன்னப்ப போனை எடுத்தீங்க பாருங்க, அதைத்தான் மனசுல வெச்சிருக்கறேன்" என்றாள்.

மே 18

காலை 30. மத்தியானம் 33. ஒரே ராத்திரியில் முழுக்க ஆறாதாம். சுவர் குடித்த சூடு மெல்லத்தான் இறங்குமாம். வாணி இங்கேயேதான் இருக்கிறாள். மணி தரையில் பாய் போட்டுப் படுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். கடை பூட்டிக் கிடக்கிறது. கிடக்கட்டும்.

மே 19

காலை 28. மத்தியானம் 32. மழை இல்லை, மேகம்கூட இல்லை. வெளியே 42. எனக்கு உயிர் வந்தது.

மே 20

27. 31.

அப்பாடா!

ஏசியைக் கழற்றினேன். மணி பார்த்துக்கொண்டே இருந்தாள். "மாட்டறப்பவும் எனக்கோசரம், கழட்டறப்பவும் எனக்கோசரம். அந்த ஏசி என்ன பாவம் பண்ணுச்சுங்" என்றாள். சுவர்த் துளையை வாணி மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து மூடினாள். "இதை அடைக்கலாமுங்ப்பா, தப்பில்ல" என்று வேறு சொல்கிறாள். வாய் மட்டும் அப்படியே அவள் மாமன் வாய்.

மே 22

நாச்சிமுத்து வந்தார். கையில் தலையணை. "தங்கச்சியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். தங்கச்சியைப் பார்ப்பதற்குத் தலையணை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சாப்பிட்டார், சாய்ந்தார், அவ்வளவுதான். எழுந்த பிறகு வாணியிடம், "அம்மிணி, இருக்கற கான்கிரீட்டு வூட்டுல இந்தக் கூண்டு வெக்க முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வெக்கலாமுங் மாமா. ஆனா அப்பாவ வூட்டுக்குள்ள விடாதீங்க" என்றாள்.

நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். நான் சிரித்ததை அவர்கள் பார்க்கவில்லை.

மே 24

27. 31. வாணி நாளைக்குக் கிளம்புகிறாள். மணி அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். முதலில் விரல் தயங்கியது. அப்புறம் சரசரவென்று ஓடியது. நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 26

மளிகைக் கடைக்காரரை ரோட்டில் பார்த்தேன். ஏசி இப்போது ஜில்லென்று இருக்கிறதாம். "இத்தனை நாளா இது தெரியாமப் போச்சே, நான் ஒரு மடையன்" என்றார். அப்படியெல்லாம் சொல்லாதீர்கள், யாருக்கும் வருவதுதான் என்றேன். ரொம்ப அன்பாகச் சொன்னேன். மனிதர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

மே 28

கத்திரி இன்றோடு முடிகிறது.

விடியும் நேரம். மணி, "ஏனுங்" என்று கூப்பிட்டாள். திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தேன். மயக்கமா, நெஞ்சு வலியா, என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லீங். சில்லுனு இருக்குது. அந்தப் போர்வையச் சித்த எடுங்."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. அடித்துப் பிடித்துச் சாமான் அறைக்குப் போனேன். மார்கழிக்கு அப்புறம் மடித்து வைத்த போர்வை பெட்டியின் அடியில் இருந்தது. எல்லாவற்றையும் தரையில் கொட்டித்தான் எடுத்தேன். கொண்டுவந்து கொடுத்ததும் அவளே அதன் ஓரத்தை விரல்களால் பிடித்துத் தோள்வரைக்கும் இழுத்துக்கொண்டாள். அப்படியே தூங்கிப்போனாள்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் தெர்மாமீட்டரைப் பார்க்க மறந்துவிட்டேன். வாணி போன் செய்து காலைக் கணக்கு என்ன என்று கேட்பாள். கத்திரியில் உங்கம்மா போர்வை கேட்டாள், அதை எழுதிக்கொள் என்று சொல்லப்போகிறேன்.